ஐந்து தையல், நான்கு இழை

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி தாண்டியும் வெளியே கும்மிருட்டு. நார்வேயின் மேற்குக் கரையில், ஹார்டாங்கர் கடற்கழியின் ஓரம் ஊட்னே என்ற சிற்றூர். அங்கே ஒரு மரவீட்டில் விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் வெள்ளைத் துணி, விரலிடுக்கில் முனை மழுங்கிய ஊசி, எதிரே டிவி.

டிவியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடக்கும் குளிர்கால ஒலிம்பிக்ஸ். அங்கே பிற்பகல் மூன்றேகால், எங்களுக்குக் காலை ஏழேகால். ஆண்களுக்கான 30 கி.மீ. பனிச்சறுக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் 15 கி.மீ. பனியில் வெட்டிய தடத்தில் நேராகச் சறுக்கிப் போக வேண்டும். பிறகு பலகைகளை மாற்றிக்கொண்டு, அடுத்த 15 கி.மீ. கால்களை அகட்டித் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். சில நூறு மீட்டர்கூடப் போகவில்லை, நார்வே வீரர் சிமென் ஹெக்ஸ்டாட் க்ரூகர் தடுக்கி விழுந்தார். பின்னால் வந்த இரண்டு ரஷ்ய வீரர்கள் அவர் மேலேயே விழுந்தார்கள். கைக்கோல் முறிந்துவிட்டது. அவர் எழுந்து நிற்பதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். கூட்டத்தில் கடைசி ஆள் அவர்தான்.

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டேன். என் பக்கத்தில் இருந்த வீட்டுக்கார அம்மா தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்த்தார், "சே" என்பதுபோல் உச்சுக்கொட்டினார், மறுபடி குனிந்துகொண்டார். "இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. தையுங்கள்" என்றார்.

தைத்தேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் க்ரூகர் ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் வந்தார். பாதித் தூரத்துக்குள் முன்வரிசையைப் பிடித்துவிட்டார். முடிய 5 கி.மீ. இருக்கும்போது தனியாகப் பிரிந்து போனார், பிறகு யாராலும் அவரைத் தொட முடியவில்லை. தங்கம் அவருக்கு. வெள்ளியும் வெண்கலமும்கூட நார்வேக்காரர்களுக்கே. அவர் கோட்டைத் தாண்டியபோது என் துணியில் 31 கட்டங்கள் முடிந்திருந்தன. வெளியே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

*

நான் தையல் டீச்சர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் வெள்ளை நூல் வேலைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் அந்த வேலையில் சேர்த்த காசைக் கொடுத்து விடுதலை வாங்கினார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் அம்மாவும் கூலிக்கு லேஸ் பின்னியவர். மத்தியானம் திண்ணையில் திண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். குச்சிகள் கலகலக்கும் சத்தமும் வானொலியும் சேர்ந்துதான் எனக்கு அம்மா.

ஹார்டாங்கர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு தையல் புத்தகத்தில். ஊர்ப்பெயர் என்றே தெரியாமல், தையல் வகை என்று நினைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தம்பி மகள் பெர்கனில் படிக்கப் போன பிறகு ஒரு நாள் போனில், "அத்தை, நீங்க தைப்பீங்களே ஹார்டாங்கர், அது இங்க பக்கத்துலதான் இருக்கு. ரெண்டு மணி நேரம்தான் பஸ்ல" என்றாள். அன்றே போவதென்று தீர்மானித்துவிட்டேன்.

ஓஸ்லோவில் இறங்கி பெர்கனுக்கு ரயிலில் போனேன். ஏறத்தாழ ஏழு மணி நேரம். ஃபின்ஸே என்ற நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தப் பாதையில் அதுதான் மிக உயரமான நிலையம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை தவிர வேறெதுவும் இல்லை. அந்த வெள்ளைக்குள்ளும் எத்தனை வெள்ளை! நிழல் விழுந்த இடம் நீலம் கலந்தது, காற்று அரித்த இடம் சாம்பல், வெயில் பட்ட இடம் கண்ணைக் கூசவைத்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்க வேண்டும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு ஏன் தோன்றியது என்று அந்த ரயிலில் எனக்குப் புரிந்தது. நிறம் வேண்டாம், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் போதும்.

பெர்கனில் மழை. தம்பி மகள் என்னை முதலில் கூட்டிப்போனது ஹூஸ்ஃப்ளீடன் கடைக்கு. கைவேலைச் சாமான்கள் விற்கும் கடை, நார்வேயில் பல ஊர்களில் உண்டு. ஹார்டாங்கர் துணி வாங்கினேன். அங்குலத்துக்கு 22 இழைச் சோடிகள் உள்ள பருத்தித் துணி. ஊடும் பாவும் ஒரே கணக்கு. பருமனான 5ஆம் நம்பர் நூல் ஒன்று, மெல்லிய 8ஆம் நம்பர் ஒன்று. மறுநாள், 9ஆம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் அறையில் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா ஓடிக்கொண்டிருந்தது. "அத்தை, இப்பவே முதல் தையல் போடுங்க" என்றாள். கனடா எழுத்தாளர் ஸ்டெஃபனி பேர்ல் மெக்ஃபி 2006 டூரின் ஒலிம்பிக்ஸின்போது தொடங்கிவைத்த வழக்கமாம் இது. ஜோதி ஏற்றும் நாளில் ஒரு கைவேலையைத் தொடங்கி, ஜோதி அணைவதற்குள் முடித்துவிட வேண்டும். போட்டியாளர்களின் உழைப்புக்கு முன்னால் நாமும் நம் கையால் ஆன ஒரு கடினமான காரியத்தை எடுத்துக்கொள்வது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. 30 செ.மீ. சதுரத்தில் ஒரு மேசைவிரிப்பு என்று முடிவு செய்து முதல் ஊசியை இறக்கினேன். பிப்ரவரி 25 கெடு.

10ஆம் தேதி பஸ்ஸில் க்வான்டால் துறை போய், அங்கிருந்து இருபது நிமிஷம் படகில் கடற்கழியைக் கடந்து ஊட்னேயில் இறங்கினேன். கரிய தண்ணீர், இருபக்கமும் பனி மலை, சரிவுகளில் இலையுதிர்ந்த ஆப்பிள் தோட்டங்கள். படகில் என்னோடு வந்த ஐந்தாறு பேரில் இருவர் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

*

வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது 78 வயது. மாடியறையை வாடகைக்கு விடுபவர். நார்வேயில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு வரவில்லை. நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை நார்வேயில் அன்னையர் தினமும்கூட. அவருடைய மகள் ட்ரோண்ட்ஹைமிலிருந்து பூ அனுப்பியிருந்தாள். "எங்கள் மொழியில் அம்மா என்று கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றார். அதன்பிறகு அவர் எனக்கு அம்மாதான்.

அன்றே தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறும். அந்த நாளில் பாலாடையை அடித்துப் பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். தட்டு நிறைய மேசையில் இருந்தது. ஓட்டம் முடியும்வரை அம்மா அதைத் தொடவும் விடவில்லை. வெள்ளை நூல் வேலை செய்பவளுக்குக் கைச்சுத்தம் முதல் பாடம். என் பிள்ளைகளிடம் நான் முப்பது வருஷம் சொன்ன அதே வார்த்தை.

அந்தத் தையலைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதில் துணியில் படம் வரைவதில்லை, எல்லாம் எண்ணிக்கைதான். நான்கு இழைகளை உள்ளே அடக்கி, பக்கத்தில் பக்கத்தில் ஐந்து தையல். ஐந்து மரம் நட்டால் இடையில் நான்கு சந்து வருமே, அந்தக் கணக்கு. இது ஒரு கட்டம். இப்படிக் கட்டம் கட்டமாக ஒரு வேலி கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே இன்னொரு கட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். வேலி முழுதும் மூடிய பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கலாம். தையல் முடிகிற முனையோடு ஒட்டி, உள்ளே அடங்கிய நான்கு இழைகளை வெட்டி உருவ வேண்டும். தையலின் நெடுக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டால் கட்டம் அப்படியே பிரிந்து கையோடு வந்துவிடும். இழை உருவிய இடத்தில் துணி ஜன்னலாகிவிடும். மிஞ்சிய இழைகளை மெல்லிய நூலால் சுற்றிக் கம்பிபோல் ஆக்கி, ஜன்னல் நடுவில் புறாக்கண் என்ற சின்ன வளையத்தைக் கோத்துவிட்டால் வேலை நிறைவு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டிவி பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள்: "ஒண்ணு தை, இல்லேன்னா டிவி பாரு." தைக்கிறவள் பார்க்கவில்லை, பார்க்கிறவள் தைக்கவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு என்று அந்த வீட்டில் இருந்த பதினைந்து நாளில் எனக்கு உறுதியாகிவிட்டது.

அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. எந்தப் போட்டிக்கு எந்த வேலை என்று. நீண்ட தூர ஓட்டம் நடந்தால் கட்டங்கள் தைப்பது; ஒரே அசைவு, ஒரே கணக்கு, ஓடுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் வந்தால் கணக்கு பார்ப்பது. அந்த ஆட்டக்காரர்களும் ஒவ்வொரு கல்லுக்கும் நின்று யோசிப்பதால் நாம் எண்ணி முடிக்க நேரம் கிடைக்கும். உயரத்திலிருந்து பனியில் தாவும் போட்டியில் ஒருவர் தாவியபின் அடுத்தவர் வர இடைவெளி இருக்கும். ஊசியில் நூல் கோக்க அந்த நேரம் போதும். கத்தரிக்கோலை மட்டும் டிவி முன்னால் எடுக்கக் கூடாது. "வெட்டுவது என்றால் அணைத்துவிட்டு வெட்டு" என்பார்.

15ஆம் தேதி பயத்லான் பார்த்தோம். பனியில் சறுக்கிக்கொண்டு வந்து, மூச்சு இரைக்க இரைக்க நின்று துப்பாக்கி சுடும் போட்டி அது. இலக்கு 50 மீட்டர் தூரத்தில். படுத்துச் சுடும்போது இலக்கின் குறுக்களவு 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து குண்டு. அம்மா அந்த ஐந்து குண்டுக்கும் ஐந்து தையல் போட்டார். குண்டு வெடிக்கும், ஊசி இறங்கும். நானும் செய்து பார்த்தேன். சுடுகிறவர் தயங்கும்போது என் கையும் தயங்கியது. நார்வே வீரர் யொஹான்னஸ் திங்னஸ் பூ அன்று இருபதில் இரண்டு குண்டு தவறினார். 20 கி.மீ. போட்டியில் ஒரு குண்டு தவறினால் ஒரு நிமிஷம் தண்டனை. அப்படியும் ஐந்தரை வினாடி முன்னால் வந்து தங்கம் வாங்கினார். வெறும் கையோடு உட்கார்ந்திருந்தால் அந்த இடைநிறுத்தங்களை நான் உணர்ந்திருக்கவே மாட்டேன்.

இதில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். வர்ணனையாளர் குரல் சமமாகப் போகும்வரை கண் துணியில் இருக்கலாம். குரல் ஏறினால் நிமிர வேண்டும். எனக்கு நார்வே மொழி ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் இரண்டாம் நாளே எப்போது நிமிர வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வானொலிக் காலத்தில் வளர்ந்த காது அது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் 1952 ஓஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்ஸைப் பற்றிச் சொன்னார். அப்போது நார்வேயில் டிவி கிடையாது. பனிக்கட்டிமேல் சறுக்கி ஓடும் ஓட்டத்தில் நார்வே வீரர் ஹியால்மார் ஆன்டர்சன் மூன்று தங்கம் வென்றதை வானொலியில்தான் கேட்டார்களாம். இவர் பாட்டியின் காலடியில் உட்கார்ந்து நூல் சிட்டத்தைப் பிடித்திருக்க, பாட்டி தைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஊட்னேயில் ஒரு பாட்டி, நாகர்கோவில் பக்கம் என் அம்மா. வேலையும் வானொலியும் இரண்டு வீட்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

அந்த நாட்டில் இதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. நார்வே அரசுத் தொலைக்காட்சி 2009இல் நான் வந்த அதே ரயில் பாதையை ஏழு மணி நேரம் அப்படியே ஒளிபரப்பியது. 2011இல் பெர்கனிலிருந்து வடகோடிக்குப் போகும் கப்பலை 134 மணி நேரம் காட்டியது. 2013இல் ஆட்டு ரோமத்தைக் கத்தரித்து நூலாக்கி ஸ்வெட்டர் பின்னி முடிக்கும்வரை ஓர் இரவு முழுதும் காட்டியது. அந்த இரவு அம்மா ஒரு காலுறை முடித்தாராம். பக்கத்து நாடான ஃபின்லாந்தில் போட்டிக் களத்துக்கே பின்னல் வந்துவிட்டது. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் அவர்களுடைய பயிற்சியாளர் அன்ட்டி கோஸ்கினென், வீரர் கிளம்பும் மேட்டில் நின்றபடியே பின்னிக்கொண்டிருந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பியோங்சாங்கிலும் அவர் பின்னினார். அந்த மாதம் பிறந்த அவர்கள் நாட்டு அதிபரின் குழந்தைக்கு அணியே சேர்ந்து ஒரு போர்வை பின்னியது. பதற்றம் இருக்கிற இடத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது விளையாட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

*

போட்டி இல்லாத ஒரு மத்தியானம் ஊட்னேயில் உள்ள ஹார்டாங்கர் நாட்டுப்புற அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1911இல் தொடங்கியது. இந்த வட்டாரத்துப் பெண்களின் உடையில் சிவப்பு மேலாடையும் வெள்ளை ஏப்ரனும் உண்டு. ஏப்ரனின் கீழ்ப்பகுதியில்தான் ஹார்டாங்கர் வேலை. சுவீடனோடு பிணைந்திருந்த காலத்தில், 1905க்கு முன்னால், இந்த உடை நார்வே முழுமைக்குமே அடையாளமானது. இன்றும் மே 17, அவர்களுடைய அரசியலமைப்பு நாளில், இதை உடுத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். கையால் தைத்த முழு உடைக்குப் பல பத்தாயிரம் குரோனர் விலை. அதைக் கேட்டு நான் மலைக்கவில்லை, எனக்குத் துக்கம்தான் வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் ஒரு மாதம் கண் நோகப் பின்னிய லேஸுக்குக் கிடைத்த கூலி எனக்குத் தெரியும். அங்கே அந்தத் தையலுக்கு ஒரு நாடு மதிப்புக் கொடுத்தது. எங்கள் பெண்களின் வேலைக்கு வாங்குகிறவன் வைத்ததே விலை. என் அம்மா பின்னிய ஒரு லேஸ்கூட எங்கள் வீட்டில் இல்லை, எல்லாமே விற்றுப்போனவை.

அன்று ராத்திரி அம்மா மாடியிலிருந்து ஒரு நீண்ட அட்டைக்குழாயைக் கொண்டுவந்தார். அதன்மேல் மெல்லிய தாளோடு சேர்த்துச் சுற்றியிருந்தது அவர் பாட்டியின் ஏப்ரன். 1952இல் வானொலி கேட்டபடி தைத்த அதே துணி. விரித்து விளக்குக்கு எதிரே பிடித்தார். எட்டு முனை நட்சத்திரங்களின் வரிசை, நடுவில் ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு புறாக்கண். பின்பக்கம் திருப்பிக் காட்டினார். முடிச்சு ஒன்றுகூட இல்லை. நூலின் தொடக்கமும் முடிவும் தையல்களுக்கு அடியில் மறைந்திருந்தன. பின்பக்கத்தைப் பார்த்தால் தைத்தவளின் மனசு தெரியும் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டியை நான் பார்த்துவிட்டதாகவே நினைத்தேன்.

*

19ஆம் தேதி திங்கட்கிழமை. என் வேலி முழுதும் மூடிவிட்டது. வெட்டத் தொடங்க வேண்டிய நேரம். மத்தியானம் ஒரு மணி வாக்கில் ஆண்களின் 500 மீட்டர் பனிக்கட்டி ஓட்டம். அதில் ஓடுபவர் ஹோவார்ட் லோரென்ட்சென், பெர்கன்காரர். சிறு வயதில் சக்கரம் வைத்த காலணியில் தெருவில் ஓடிப் பழகி, பிறகு பனிக்கட்டிக்கு மாறியவர். மழை ஊரிலிருந்து ஒரு பனிக்கட்டி வீரர்! தம்பி மகள் காலையிலேயே போன் செய்து பார்க்கச் சொல்லியிருந்தாள். அம்மா சமையலறையில் இருந்தார். ஓட்டமோ அரை நிமிஷத்துச் சமாசாரம். அதுவரை இரண்டு ஜன்னல் வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். சொன்னதைக் கேட்கவில்லை.

கொரிய வீரர் சா மின் க்யூ 34.42 வினாடியில் ஓடி முன்னிலையில் இருந்தார். லோரென்ட்சென் கிளம்பினார். வர்ணனையாளர் குரல் ஒரேயடியாக ஏறியது, நான் நிமிர்ந்தேன். கை நிற்கவில்லை. 34.41. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. 1948க்குப் பிறகு இந்தப் போட்டியில் நார்வேக்குக் கிடைத்த முதல் தங்கம். சமையலறையிலிருந்து அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். தெருவில் யாரோ காரின் ஒலிப்பானை அழுத்தினார்கள். நான் குனிந்து பார்த்தேன். நான்கு இழைகளுக்குப் பதில் ஐந்து இழைகளை வெட்டியிருந்தேன்.

அந்த ஐந்தாவது இழை கட்டத்துக்கு வெளியே உள்ளது. அது போனால் கடைசித் தையலுக்குப் பிடிமானம் இல்லை. தையல் ஏற்கெனவே சரிந்து தொங்கியது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற எண்ணம் ஒரு பக்கம், பத்து நாள் வேலை என்ற எண்ணம் ஒரு பக்கம். கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா துணியை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "க்ரூகர் விழுந்தது முதல் நிமிஷத்தில். நீ பாதித் தூரம் வந்த பிறகுதான் விழுந்திருக்கிறாய்" என்றார். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சொல்வதை அவர் அவர்கள் ஊர்ப் பாஷையில் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

டிவியை அணைத்தோம். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தோம். துணியின் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் ஓரம் விட்டிருந்தேன். அந்த ஓரத்திலிருந்து ஒரு நீள இழையை உருவினோம். அதே துணியின் இழை, அதே முறுக்கு, அதே வெள்ளை. கடைசித் தையலைப் பிரித்தோம். வெட்டுப்பட்ட இழை போன வழியிலேயே புது இழையை மழுங்கல் ஊசியில் கோத்து, ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே என்று நெய்வதுபோல் கொண்டுபோனோம். வெட்டிய இடத்துக்கு இப்பாலும் அப்பாலும் ஓர் அங்குலம் கூடுதலாக. இரண்டு முனைகளையும் பின்பக்கம் தள்ளி, தையல்களுக்கு அடியில் செருகினோம். பிறகு பிரித்த தையலைத் திரும்பப் போட்டோம். ஒரே ஓர் இழைக்கு இரண்டு மணி நேரம். வேலை முடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இதுதான் இந்தத் துணியின் பலமான இடம்" என்றார்.

என் பிள்ளைகளுக்கு ஓரம் விடச் சொல்லிக்கொடுக்கும்போது, மடித்துத் தைக்கத்தான் ஓரம் என்று சொல்லியிருக்கிறேன். கிழிந்தால் ஒட்டுப்போட இழை எடுக்கவும் ஓரம்தான் என்று இனிமேல் சேர்த்துச் சொல்வேன்.

*

25ஆம் தேதி காலை, கடைசி நாள். மறுபடி ஞாயிறு, மறுபடி ஏழேகால் மணி, வெளியே அரையிருட்டு. பெண்களின் 30 கி.மீ. ஓட்டம். நார்வே வீராங்கனை மாரித் பியோர்கனுக்கு வயது 37, ஒரு குழந்தைக்குத் தாய். முதல் நாளே அவர் வெள்ளி வாங்கியதை வைத்து, முடிந்துவிட்டது அவர் காலம் என்று சிலர் பேசினார்களாம். அம்மா அதைச் சொல்லும்போதே அவர் முகம் சிவந்தது.

எனக்கு ஐந்து புறாக்கண் பாக்கி. அம்மா தன் பேத்திக்கு ஏப்ரன் தைத்துக்கொண்டிருந்தார், அதற்குக் கெடு எதுவும் இல்லை. பியோர்கன் சீக்கிரமே கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டார். அதன்பின் திரையில் அவர் ஒருவர்தான். வெள்ளைப் பரப்பில் இரண்டு கோல்கள் மாறி மாறி ஊன்றி எழும். அவசரம் இல்லை, தளர்ச்சியும் இல்லை. வர்ணனையாளரின் குரல்கூடத் தாழ்ந்து, ஒரே சீராகப் போனது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம், நூல் துணிக்குள் போகும் சின்னச் சரசரப்பு. ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷம். இரண்டாவது வந்தவரைவிட 1 நிமிஷம் 49 வினாடி முன்னால் கோட்டைத் தாண்டினார். குளிர்கால ஒலிம்பிக்ஸில் அது அவருடைய பதினைந்தாவது பதக்கம், அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. நார்வேக்கு அந்த ஒலிம்பிக்ஸில் 39ஆவது பதக்கம், அதுவும் அன்றைய சாதனை. சில வாரங்களில் அவர் ஓய்வை அறிவித்தார்.

அம்மா துணியை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார். அந்தப் பதினைந்து நாளில் அவர் ஊசியைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

என் கடைசிப் புறாக்கண் மத்தியானம் முடிவு விழா ஓடிக்கொண்டிருக்கும்போது முடிந்தது. துணியைத் துவைத்து, ஈரத்தோடு ஒரு துவாலைமேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்தோம். கவிழ்த்துப் போட்டால்தான் தையல் நசுங்காமல் எழும்பி நிற்கும். ஊருக்குப் போகப் பெட்டி கட்டும்போது அதை மடிக்கப் போனேன். அம்மா தடுத்து, ஒரு காலி அட்டைக்குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். இழை உருவிய துணி மடிப்பில்தான் முதலில் அறும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டோடு பிளந்துவிடும்.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ பெரியம்மாவோ தைத்த தலையணை உறை, மேசைவிரிப்பு, லேஸ் என்று ஏதாவது ஒன்று பீரோவின் அடித்தட்டில் மடிப்போடு கிடக்கலாம். இன்றே எடுத்து விரித்துப் போடுங்கள். பின்பக்கத்தையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். துவைத்து நிழலில் உலர்த்தி, ஒரு குழாயில் வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். மடிக்க வேண்டாம்.